அண்ணன் கூரைக்கு மேலே இரண்டடி

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, தென்னை மரத்திலிருந்து மயில் ஒன்று எங்கள் கூரையின் மேல் வந்து குதித்தது. ஓடு இரண்டாகப் பிளந்து, அதைத் தாங்கியிருந்த உளுத்த சட்டத்தோடு கீழே வந்து, இட்லித் தட்டோடு நின்றிருந்த என் மனைவியின் தோளில் விழுந்தது. காறை எலும்பில் விரிசல். ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

கருமத்தம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்போது காக்கையைவிட மயில்தான் அதிகம். அதை அடிக்கவும் முடியாது. முருகன் கோபித்துக்கொள்கிறாரோ இல்லையோ, வனத்துறை கோபித்துக்கொள்ளும். அன்று எனக்கு இருந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் நினைக்கவில்லை, கல்லெடுத்து வீசினேன். கல் மயிலை விட்டுவிட்டு அண்ணன் பக்கத்து ஓட்டை உடைத்தது. மாலையில் அண்ணன் ஒரு தொரட்டியை எடுத்துவந்து என் பக்கத்தில் இரண்டு ஓடுகளைக் குத்தி உடைத்துவிட்டுப் போனார். நாங்கள் பேசி அப்போதே ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஒரே வீடுதான். அப்பா தன் கடைசிக் காலத்தில் நடுவில் சுவர் எழுப்பி, மேற்குப் பாதியை அண்ணனுக்கும் கிழக்குப் பாதியை எனக்கும் எழுதிவைத்தார். மூத்தவனுக்கு மேற்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் செலவை மிச்சம் பிடிக்க, அந்தச் சுவரைக் கூரைவரை கொண்டுபோகாமல் பாதியில் நிறுத்திவிட்டார். மேலே கூரை இரண்டு வீட்டுக்கும் பொது. கிணற்று மோட்டாரை யார் எந்த நாளில் ஓட்டுவது என்பதில் பேச்சு நின்றுபோன பிறகும், அண்ணன் இருமுவது எனக்குக் கேட்கும், நான் மனைவியைத் திட்டுவது அவருக்குக் கேட்கும். என்னைவிடப் பதினோரு வயது பெரியவர். சின்ன வயதில் நான் அப்பாவிடம் வாங்கிய அடியைவிட இவரிடம் வாங்கிய அடிதான் அதிகம்.

மனைவியின் தோளைப் பார்த்த பிறகு கூரையை மாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். மறுபடியும் ஓடே போடலாமா என்று முதலில் விசாரித்தேன். நல்ல ஓடு ஒன்று நாற்பது ரூபாய். ஓடு கிடைத்தாலும் கீழே கொடுக்க மரம் கிடைக்காது, கிடைக்கிற மரத்தைத் தொட விலை விடாது. எல்லாம் செய்து முடித்தாலும் மயில் எங்கும் போய்விடாது. கான்கிரீட் போட ஆசைதான். மண் வைத்துக் கட்டிய சுவர் அந்தக் கனத்தைத் தாங்காது, வீட்டையே இடித்துக் கட்டவேண்டும், பதினைந்து லட்சம் வேண்டும் என்றார் மேஸ்திரி. சிமெண்ட் சீட்டு மலிவு. ஆனால் என் தறிக்கூடத்தில் அந்தச் சீட்டுக்கு அடியில் முப்பது வருஷமாக வெந்துகொண்டிருக்கிறேன், வீட்டிலும் வேக வேண்டுமா. கடைசியில் இரும்புச் சட்டம் அடித்துக் கலர் தகரம் போடுவது என்று நின்றது. சதுர அடி கூலியோடு இருநூற்று நாற்பது ரூபாய். சூட்டைத் தடுக்க அடியில் வெள்ளிக் காகிதம் மாதிரி ஒன்று ஒட்டுகிறார்கள், அதற்கு இருபத்தைந்து. அறுநூற்று நாற்பது சதுர அடிக்கும் பழைய கூரையைப் பிரிக்கிற கூலிக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. பழைய ஓட்டை ஏதோ ரிசார்ட்டுக்கென்று ஒருவர் ஒன்று பத்து ரூபாய்க்குக் கேட்டார், விற்றுத் தள்ளிவிட்டேன்.

வேலைக்கு வந்த வெல்டிங் பட்டறைக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"ஏனுங்க, தகரம்னா சூடு நேரா தலைக்கு எறங்குமுங்க. ரெண்டடி தூக்கிப் போட்டுட்டீங்கன்னா காத்து ஓடும். செலவும் பெருசா ஆகாதுங்க."

தூக்குங்கள் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும். இளையவன் வீட்டு மோடு, அதாவது கூரை உச்சி, மூத்தவன் வீட்டு மோட்டுக்கு மேலே போகக்கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிக் கட்டினால் மூத்தவன் இருக்கும்போதே அவன் தலைமேல் ஏறி உட்கார்ந்ததாக அர்த்தம். காற்று ஓடுவதற்காகத்தான் தூக்கினேன் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். பொய். அண்ணன் தினமும் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் தூக்கினேன்.

சுவரை ஒட்டி இரும்புத் தூண்கள் நட்ட அன்றே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. வேலையாட்கள் பார்க்க என் வாசலுக்கு வந்தார்.

"ஆரக் கேட்டுடா இத்தன ஒசரம் தூக்கறே?"

"ஆரக் கேக்கோணும்? எம்பட ஊடு."

அண்ணனிடம் என் வாழ்நாளில் நான் மரியாதை இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கை என் கன்னத்தில் விழுந்தது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு, பேரப்பிள்ளை எடுத்தவன். நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூணில் மோதினேன். உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். அவர் என் கட்டை விரலைக் கடித்தார், எலும்பில் பல் உரசியது. என் மனைவி ஒற்றைக் கையால் என்னை இழுக்க, அண்ணி அவரை இழுக்க, இரண்டு பெண்களும் சேர்ந்துதான் எங்களைப் பிரித்தார்கள். வேலையாட்கள் ஏணியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாளில் என் பக்கத்து ஓடெல்லாம் இறங்கியது. மிச்சமிருந்தது மோட்டுவளை. கூரையின் உச்சியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகிற ஒற்றை மரம் அது, இரண்டு வீட்டுக்கும் பொது. நடுவில் அதை ஒரு குத்துக்கால் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குத்துக்காலும், அது நின்ற குறுக்கு விட்டமும், சுவருக்கு இந்தப்புறம், என் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி இருந்தன. பட்டறைக்காரர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"அந்தக் குத்துக்காலை உட்டுப்போட்டு இந்தப் பக்கமா அறுத்துக்கலாமுங்க. அவிக பக்கத்தையும் அதுதான் தாங்குது. சுவத்து நடுவுல அறுத்தா அவிக கூரை தொங்கிப் போயிருமுங்க."

"அவரு மரம் எம்பட எடத்துல ஒரு முழம் நீட்டிட்டு நிக்கோணுமா? பத்திரத்துல நடுச்சுவரு மத்தின்னுதான் எழுதியிருக்குது. மத்தியில அறுங்க."

"எனக்கு அந்தப் பாவம் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். வேலையாட்களும் அவர் பின்னாலேயே போனார்கள். மரம் அறுக்கிற மெஷின் மட்டும் அங்கே கிடந்தது. பாகம் பிரித்துக்கொண்டவனுக்கு ஒரு புத்தி உண்டு. வீடு நின்றால் என்ன விழுந்தால் என்ன, கோடு கோடாக இருக்கவேண்டும். அந்தப் புத்தியோடு நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு விட்டத்தின்மேல் ஏறினேன்.

சத்தம் கேட்டு அண்ணன் தன் பக்கத்து ஏணியில் ஏறி வந்தார். உதட்டில் தையல் போட்டிருந்தது. ஓட்டின் மேல் கைகளை ஊன்றித் தவழ்ந்து, மோட்டின் உச்சியில் குதிரைமேல் உட்கார்வதுபோல இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் நாலு அடிகூட இருக்காது.

"அறுடா. தெகிரியம் இருந்தா அறு."

"எந்திரிச்சுப் போயிரு. அறுத்துப்போடுவேன்."

"நீயா? அப்பன் செத்தன்னைக்குப் பொணத்தப் பாக்கப் பயந்துட்டு எம்பின்னால ஒளிஞ்சு நின்னவன் நீ."

மெஷினை முடுக்கினேன். மரத்தூள் அவர் முகத்தில் போய் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டாரே தவிர நகரவில்லை. மரம் வெளியில்தான் உளுத்திருந்தது, உள்ளே இரும்பு மாதிரி இருந்தது. முழுதாக அறுபட ஐந்து நிமிஷம் ஆனது. மெஷினை நிறுத்தினேன். ஒன்றும் விழவில்லை. அண்ணன் பக்கத்துச் சட்டங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மரத்தைத் தாங்கி நின்றன.

அண்ணன் கண்ணைத் திறந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"பாத்தியா. உன்னால முடியாது."

நான் விட்டத்தில் நின்றபடியே காலைத் தூக்கி, அறுபட்ட முனையை ஓங்கி மிதித்தேன்.

மரம் உள்ளே போனது. அதன் பின்னால் சட்டங்கள், அதன் பின்னால் ஓடு, எல்லாவற்றோடும் அண்ணன். தலைகீழாகப் போகவில்லை, உட்கார்ந்தபடியே போனார். பதினான்கு அடி. விழுந்த பிறகும் ஓடுகள் ஒவ்வொன்றாக அவர்மேல் விழுந்துகொண்டே இருந்தன. வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை, அண்ணி மாட்டுக் கொட்டகையில் இருந்தார். தூசி அடங்கியதும் மேலே இருந்து பார்த்தேன். தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவர் கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. மூச்சு ஒன்று விட்டு வாங்குகிற நேரம்தான், ஆனால் அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அதற்குப் பிறகு விட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், என்னை மூன்று பேர் சேர்ந்து இறக்கவேண்டியிருந்தது.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொடைக்குள் கம்பி வைத்தார்கள், இரண்டு விலா எலும்பு போயிருந்தது, வலது கண்ணுக்கு மேல் ஒன்பது தையல். மறுநாள் போலீஸ்காரர் நோட்டோடு வந்தபோது நான் அறை வாசலில் நின்றிருந்தேன். மிதித்ததை யாரும் பார்க்கவில்லை. அண்ணன் வாயைத் திறந்தால் நான் கொலை முயற்சிக் கேஸில் உள்ளே போகவேண்டியதுதான். தறி நிற்கும், மனைவி நடுத்தெருவில் நிற்பாள்.

"ஆராச்சும் தள்ளி உட்டாங்களா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

அண்ணன் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு போலீஸ்காரர் பக்கம் திரும்பினார்.

"இல்லைங்க. ஓட்டச் சரி பண்ணலாம்னு ஏறினேனுங்க. மரம் உளுத்துப்போயிருந்துச்சு. ஒடஞ்சிருச்சுங்க."

போலீஸ்காரர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். என் கூடப் பிறந்தவர் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இனி அவர் சொன்னதைக் கேட்டு நடப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது நாள் கழித்து அவர் சொல்லி அனுப்பினார். இரண்டு பக்கமும் என் செலவில் தகரம் போடவேண்டும், அவர் பக்கம் என் பக்கத்தைவிட ஒரு அடி உயரமாக இருக்கவேண்டும். பட்டறைக்காரர் மறுபடி வர மறுத்துவிட்டார். அவிநாசியிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்தேன். ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்துகொண்டதால் தறி நான்கைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்றேன். ஐப்பசி மழைக்குள் வேலை முடிந்தது. நீலத் தகரம், அண்ணன் பக்கம் அளந்து ஒரு அடி உயரம். மயில் வந்து உட்கார்ந்தால் சறுக்கிக்கொண்டு கீழே போனது.

கார்த்திகையில் ஒருநாள் அண்ணி என்னைக் கூப்பிட்டுவிட்டார். அண்ணன் புதுக் கூரையின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முன்னால் வாக்கர். இனி அது இல்லாமல் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓரிடத்தில் மழைத்தண்ணீர் சொட்டுகிறது, திருகு இறுகவில்லை, ஆளை வரச் சொல் என்றார். சரிங்கண்ணா என்றேன். அண்ணி உள்ளே போனதும், இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஏனுங்கண்ணா அப்புடிச் சொன்னீங்க?"

அவர் குரலில் கோபமே இல்லை.

"கேஸு குடுத்திருந்தா என்ன ஆகும்? வக்கீலு பேசுவான். சொந்தக்காரனெல்லாம் வந்து சமாதானம் பண்ணுவான். நீ எங்கால்ல உளுகோணும், நான் மன்னிக்கோணும். இல்லைன்னா நீ உள்ள போயிட்டு வரோணும். எப்படியும் முடிஞ்சு போயிரும்."

வாக்கரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"முடிய வேண்டாம். நீ மிதிச்சது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். நான் இருக்கற வரைக்கும் தெனமும் காலைல எந்திரிச்சு எம்மொகத்தப் பாரு. நான் செத்த பொறகு அத நீ ஒருத்தனா வெச்சுக்க."

அண்ணா என்று சொல்லிக்கொண்டே அவர் காலில் விழக் குனிந்தேன். அவர் வாக்கரை எடுத்து எனக்கும் தன் காலுக்கும் குறுக்கே வைத்தார்.

"உளுகாதே. எந்திரிச்சு ஊட்டுக்குப் போ."