கடலோர வீட்டை நான் கேட்கவில்லை

என் உம்மாவைக் கடல் கொண்டுபோனபோது எனக்குப் பதினான்கு வயது. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தோணிகள் தெரியும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கல்முனையில் டியூஷன் வகுப்பில் இருந்தேன். சனங்கள் அழுதுகொண்டு ஓடிவருவதைப் பார்த்து நானும் ஊரை நோக்கி ஓடினேன். எங்கள் தெரு இருந்த இடத்தில் தெரு இல்லை. அடக்கம் செய்ய உம்மாவின் ஜனாஸா கடைசி வரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வாப்பா எங்களை மெயின் ரோட்டுக்கு மேற்கே, வயல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் கடற்கரைக்குப் போவதையே விட்டுவிட்டேன். படித்துத் தாதியானேன். கலியாணம் முடித்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு உம்மாவானேன். அப்போதும் அலைச் சத்தம் கேட்டால் என் கைகள் குளிர்ந்துபோகும். இதை முதலில் சொன்னால்தான் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்கும், சகோதரிகளே.

நாடு முழுக்க பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடம் உங்களுக்கு மறந்திருக்காது. நான் வேலை செய்த வைத்தியசாலையில் மருந்து இல்லை. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளியில வாங்கிக்கொண்டு வாங்க" என்று சொல்வதே என் வேலையாகிவிட்டது. என் கணவர் ரமீஸுக்கு அக்கரைப்பற்றில் ஒரு சின்னக் கடை. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துவார். இடைக்கிடை ஒலுவில் துறைமுகத்துக்குப் போய்ப் படகு என்ஜின்களும் பார்ப்பார். உரமில்லாமல் விவசாயி வயலை விட்டான். உதிரிப் பாகமில்லாமல் இவர் கடையை மூடினார்.

நான் பிரித்தானியாவுக்கு விண்ணப்பித்தேன். அல்லாஹ்வின் அருளால் ஒன்றல்ல, இரண்டு வேலைகள் கிடைத்தன. சோதனையும் அங்கேதான் தொடங்கியது.

ஒன்று இங்கிலாந்தின் நடுவிலே ஒரு பெரிய நகரத்தில். என் மூத்த நானா குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார். பள்ளிவாசல் நடந்துபோகும் தூரம். ஹலால் இறைச்சிக் கடை, பிள்ளைகளுக்கு மத்ரஸா, நம்மவர்கள், எல்லாம் இருந்தது. கடல் மட்டும் எந்தப் பக்கம் போனாலும் வெகுதூரம்.

மற்றது ஸ்கொட்லாந்தின் வடகரையில் ஒரு சிறிய ஊர். பெயரைச் சொன்னால் நம்மில் யாருக்கும் தெரியாது. பள்ளிவாசல் இல்லை. நம்மவர் ஒருவரும் இல்லை. வைத்தியசாலைக்காரர்களே வீடு தருவதாகச் சொல்லிப் படம் அனுப்பியிருந்தார்கள். படத்தில் வீடு கொஞ்சம், மீதியெல்லாம் கடல். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நானா தினமும் கதைத்தார்.

"தங்கச்சி, இதில யோசிக்க என்ன இரிக்கி? ஆளில்லாத இடத்துக்குப் போய்ப் புள்ளைகளை எப்படி வளர்க்கப் போறாய்? உனக்கென்ன விசரா?"

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் பிள்ளைகளின் மார்க்கமும் வாழ்க்கையும் இதில் இருக்கிறதே என்ற பயம். ரமீஸிடம் கேட்டேன்.

"மச்சான், நீங்க என்ன சொல்றீங்க?"

"நீதானே புள்ள வேலைக்குப் போகப் போறாய். நாம ரெண்டு பேரும் இஸ்திகாரா தொழுவம். எது நமக்கு நல்லதோ, எது ஹைரோ, அத அல்லாஹ் லேசாக்குவான்."

இரண்டு ரக்அத் தொழுது, இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் இதை எளிதாக்கு, கெட்டதென்றால் இதை என்னைவிட்டுத் திருப்பிவிடு என்று கேட்பதுதான் இஸ்திகாரா. நாங்கள் தொழுதோம். கனவொன்றும் வரவில்லை, மனதில் எந்தக் குரலும் கேட்கவில்லை. என் மனம் நகரத்தின் பக்கமே நின்றது. அதையே பதில் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்கொட்லாந்துக்காரர்களுக்கு நன்றி சொல்லி, வரமுடியாது என்று அறிவித்துவிட்டேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வேலையை விட்டேன். ரமீஸ் கடையை இன்னொருவரிடம் கொடுத்தார். மகள் ஷஹ்மாவின் பள்ளிக்கூடத்தில் விலகல் பத்திரம் எடுத்தோம். சொந்தக்காரர்கள் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். விசாவுக்குக் காத்திருந்த நேரத்தில் நகரத்து வைத்தியசாலையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என்னை எடுத்திருந்த பிரிவை வேறொரு பிரிவோடு சேர்க்கிறார்களாம். இடமில்லையாம். வருந்துகிறார்களாம்.

கட்டிலில் இருந்தபடி திரும்பத் திரும்ப வாசித்தேன். விசா என்பது வேலை தருபவரோடு கட்டிப்போட்ட விடயம். அவர்கள் இல்லையென்றால் பயணமும் இல்லை. இங்கே வேலை இல்லை, கடை இல்லை. ஊரெல்லாம் விருந்து வைத்து அனுப்பியாயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வரும் ரமீஸிடம் ஆட்கள் "இன்னும் போகல்லையா?" என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் படுத்துக்கொள்வார்.

அந்த நாட்களில் தொழுகைப் பாயில் நின்றால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. உன்னிடம் கேட்டுத்தானே முடிவெடுத்தேன், ரப்பே?

"ஸ்கொட்லாந்துக்குக் கோல் எடுத்துப் பாரு" என்றார் ரமீஸ்.

"வேணாமெண்டு சொன்ன இடத்துக்கு மறுகா எந்த முகத்தோட கதைக்கிற?"

"அல்லாஹ்வுக்காக ஒருக்கா எடு."

எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண். என் பெயரை அவருக்கு நினைவிருந்தது. உங்களுக்குப் பதிலாக ஒருவரை எடுத்துவிட்டோம், அவர் வருவது இன்னும் உறுதியாகவில்லை, பொறுங்கள் என்றார். நாங்கள் பொறுத்தோம். மாதம் முடியும் தறுவாயில் அவரே அழைத்தார். அந்த ஆள் வேறு இடம் போய்விட்டாராம். "இன்னும் வர விருப்பமா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். போனை வைத்துவிட்டு ரமீஸைப் பார்த்தேன்.

"நான் இதக் கேக்கல்லையே மச்சான்."

"நீ கேட்டது ஹைரைத்தானே? ஊரையா கேட்டாய்?"

போய்ச் சேர்ந்தோம். படத்தில் பார்த்த அதே வீடு. முன்னறை ஜன்னலுக்கு நேரே ஒரு பாதை, பாதைக்கு அப்பால் கற்கள், அதற்கப்பால் கறுத்த கடல். முதல் நாளே அந்த ஜன்னலின் திரையை இழுத்து மூடினேன். பிள்ளைகளைப் பின்னறையில் வைத்தேன். காற்றடித்தால் அலை வீட்டுக்குள்ளேயே புரளுவது போலிருக்கும். ஷஹ்மா கேட்டாள்: "உம்மா, இஞ்சயும் சுனாமி வருமா?" வராது மகள் என்றேன். என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை.

ரமீஸுக்குப் படகுத் துறையில் என்ஜின் திருத்தும் வேலை கிடைத்தது. ஒலுவிலில் பழகிய கை அங்கே உதவியது. ஜும்ஆவுக்கு நீண்ட தூரம் கார் ஓட்டிப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால்தான் அதுவும். பக்கத்து வீட்டில் மேரி என்றொரு பெண் இருந்தார். தபால் கொண்டுபோகும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கதவைத் தட்டி ரொட்டி தந்தார். நான் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிக் கதவை மூடினேன். யாரோடும் ஒட்ட மனம் வரவில்லை. நானா ஒவ்வொரு கிழமையும் சொன்னார்: "வெளிக்கிட்டு வா தங்கச்சி. இஞ்ச வேற வைத்தியசாலை இரிக்கி." நானும் மறுபடி விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். சரி, இதுதான் உண்மையான பதில், இங்கே வந்தது வழியில் ஒரு தரிப்பு மட்டும்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேர்முகத்துக்கு முந்திய சனிக்கிழமை காலை. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. எனக்குப் பகல் வேலை. கார் வெளியே போகவேண்டுமென்று ரமீஸ் மண்வெட்டியோடு பனியை அள்ளப் போனார். பிள்ளைகள் அடுக்களையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு பனி என்று பார்க்க, வந்த நாளிலிருந்து மூடியிருந்த முன்னறைத் திரையை நான் விலக்கினேன்.

வெளியே ரமீஸ் நெஞ்சைப் பிடித்தபடி நின்றார். பிறகு முகம் குப்புற விழுந்தார்.

நான் எப்படி வெளியே போனேன் என்று தெரியாது. செருப்புக்கூடப் போடவில்லை. அவரைப் புரட்டினேன். மூச்சில்லை. கழுத்தில் துடிப்பில்லை. முகம் சாம்பல் நிறம். நான் தாதி, இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது என் மச்சான். இரண்டு கைகளையும் அவர் நெஞ்சில் வைத்து அமுக்கத் தொடங்கினேன். வாசலில் நின்று ஷஹ்மா வீரிட்டுக் கத்தினாள்.

அந்தச் சத்தத்துக்கு மேரியின் கதவு திறந்தது. ஒரு பார்வைதான் பார்த்தார். "அமுக்கிக்கொண்டே இரு, நிறுத்தாதே!" என்று சொல்லிவிட்டு, வீட்டு உடுப்போடேயே பனியில் ஓடினார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஊர் மண்டபம். அதன் சுவரில், நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் இயந்திரத்தை ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு யாரும் எடுக்கலாம். தினமும் அதைக் கடந்துதான் போய்வந்தேன், கவனித்ததில்லை.

அமுக்கிக்கொண்டே கத்தினேன். "யா அல்லாஹ், நீதானே எங்களை இஞ்ச கொண்டுவந்தாய்! நாங்க வரல்ல, நீதான் கொண்டுவந்தாய்!" அது துஆவா, முறைப்பாடா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேரி ஓடிவந்தார். ஒரு கையில் இயந்திரம், மறு கையில் காதோடு போன், அம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ரமீஸின் சட்டையைக் கிழித்தோம். நெஞ்சு பனியில் நனைந்திருந்தது. என் சால்வையால் துடைத்தேன். இயந்திரத்தின் இரண்டு ஒட்டுத் தகடுகளையும் நெஞ்சில் ஒட்டினேன். விலகி நில்லுங்கள் என்றது இயந்திரம். உடல் தூக்கிப்போட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். என் கை சோர்ந்தபோது மேரி முழங்காலிட்டு அமுக்கினார். இரண்டாவது அதிர்ச்சி. நான் விரலைக் கழுத்தில் வைத்தேன். என் விரல் மரத்துப் போயிருந்தது. துடிப்பது அவரா நானா என்று தெரியவில்லை. பிறகு அவருடைய வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது.

அம்புலன்ஸ் வந்தது. பிறகு ஹெலிகொப்டரில் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இதயக் குழாயில் அடைப்பு. அதைத் திறந்தார்கள். நினைவு திரும்புமா, பேச்சு வருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நான் கட்டிலின் பக்கத்திலேயே தொழுதேன். இந்த முறை எதையும் நிபந்தனையாக வைக்கவில்லை. அவரை எனக்குத் திருப்பித் தா, இல்லையென்றால் தாங்கும் பலத்தைத் தா என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் பின்னேரம் கண் திறந்தார். என்னையே பார்த்தார். உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"புள்ளைகள் சாப்பிட்டாங்களா?"

அல்ஹம்துலில்லாஹ்! அந்த ஒரு கேள்விக்கு நான் என் வாழ்நாள் முழுக்கச் சுஜூதில் நெற்றியை வைத்திருந்தாலும் போதாது.

பிள்ளைகள் சாப்பிட்டிருந்தார்கள். மேரி தன் வீட்டில் வைத்திருந்தார். எங்களுக்கு எது ஹலால் என்று ஷஹ்மாவிடம் கேட்டுக் கேட்டு முட்டையும் சோறும் சமைத்திருந்தார். எந்தக் கதவை நான் பாதி மட்டும் திறந்தேனோ, அந்தக் கதவுக்கு வெளியே இந்தப் பெண்ணை அல்லாஹ் எனக்காக நிறுத்தி வைத்திருந்தான்.

நானாவுக்குக் கோல் எடுத்தேன். அழுதார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, உனக்குப் பார்த்து வச்ச வீடு ஒன்பதாம் மாடி. லிஃப்ட் எப்பவும் பழுது. இத நான் அப்ப உனக்குச் சொல்லல்ல." நகரத்தில் இருந்திருந்தால் ரமீஸ் பிழைத்திருக்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. மறைவானது அவனுக்கு மட்டுமே தெரியும். அங்கும் காப்பாற்ற அவனால் முடியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் விரும்பியதைத் திருப்பிவிட்டான், நான் பயந்த இடத்தில் எனக்கு உதவியை வைத்தான்.

நேர்முகத்துக்கு நான் போகவில்லை. ரமீஸ் குணமாகி வந்த பிறகு ஒரு நாள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கற்களைத் தாண்டித் தண்ணீர் வரை போனேன். உம்மாவுக்காக அங்கே நின்று துஆச் செய்தேன். ஓர் அலை வந்து என் கால்களை நனைத்தது. ஆனாலும் நின்றேன்.

இப்போது அந்த ஊர் மண்டபத்தில் மாதத்தில் ஒரு நாள், இதயம் நின்றவரின் நெஞ்சை எப்படி அமுக்குவது என்று ஊராருக்கு நான் பழக்குகிறேன். வெள்ளிக்கிழமைகளில் அதே மண்டபத்தை எங்களுக்குத் தருகிறார்கள். சூடானிலிருந்து வந்த ஒரு டொக்டர், உணவகத்தில் வேலை செய்யும் வங்காளச் சகோதரர்கள், ரமீஸ் என்று ஒரு சிறிய ஜமாஅத். யாராவது வரமுடியாமல் போனால் மற்றவர்கள் வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள்.

எங்கள் ஊர்களிலிருந்து இன்றும் எத்தனையோ பேர் பயணப் பெட்டியோடு நிற்கிறீர்கள். கட்டாரா, கனடாவா, நகரமா, கிராமமா என்று வீட்டுக்குள் சண்டையும் கண்ணீருமாக இருக்கிறீர்கள். விசாரியுங்கள், ஆலோசனை கேளுங்கள். அதோடு இரண்டு ரக்அத் தொழுது அவனிடம் ஒப்படையுங்கள். நீங்கள் ஆசைப்பட்ட கதவு மூடினால் அவன் கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மனம் பொருந்தாத ஊருக்குத்தான் வழி திறக்கிறது என்றால், அழுதுகொண்டாவது போங்கள். போய் இறங்கியதும், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கதவை முழுதாகத் திறந்துவிடுங்கள்.