லைன் வீடுகளுக்கு மேலே விழுந்த விரிசல்

இன்று மதியம் ஐந்து வாட் மின்திறனுக்குள் பேச வேண்டிய அமெச்சூர் ரேடியோ போட்டி. பெர்ன்ஹில் வீட்டில் மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ரேடியோவில் நான்காவது ஆளாக நடுவட்டத்திலிருந்து ஜோசப் அண்ணன் பேச வந்தார். எஸ்டேட் பேக்டரியில் எலக்ட்ரீஷியன். தினமும் காலையில் எங்கள் ரேடியோ அரட்டையில் சேர்ந்துகொள்பவர்.

"உங்க நம்பர் சொல்லுங்கண்ணா" என்றேன். போட்டியில் ஒவ்வொருவரும் சொல்லும் வரிசை எண் அது; அதைக் குறித்தால்தான் புள்ளி.

"நம்பர் கெடக்கட்டுங்க. எஸ்டேட் ஆளுங்க குடியிருக்குற லைன் வீடுகளுக்கு மேல மண்ணு வெடிச்சிருக்குது. காலையில விரிசலுக்குள்ள விரல்தான் போச்சு. இப்ப கையே போகுதுங்க. இங்க எந்தப் போனுக்கும் டவர் எடுக்கல."

போட்டியை விட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன்.

"நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"இல்லீங்க, ரேடியோவுல கேட்டேன்."

நிலையத்தில் இருந்தவர் இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "எத்தனை குடும்பம்?" என்றார்.

அண்ணனிடம் கேட்டுச் சொன்னேன். ஒன்பது. வண்டி கிளம்பியது.

"வண்டி வரட்டும்னு நிக்காதீங்கண்ணா. இப்பவே எல்லாரையும் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

அதன் பிறகு ஒரு மணி நேரம் வெறும் இரைச்சல். நான் இடத்தைவிட்டு எழவில்லை.

கடைசியில் அவர் குரல் வந்தது. ரேடியோவையும் பேட்டரியையும் கையோடு தூக்கிப் போயிருக்கிறார்.

"எல்லாரும் சர்ச்சுல இருக்கோமுங்க. மேல இருந்த ரெண்டு வீடு இப்ப இல்லீங்க."

மழை இன்னும் நிற்கவில்லை. விரிசல் ரோட்டுப் பக்கம் நீள்கிறதாம்.

போட்டியில் நான்தான் கடைசியாக இருப்பேன். அதற்காக இந்தப் பதிவின் கீழே கேலி செய்ய வருகிறவர்கள், உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.