புதைத்த தலை

எங்கள் குப்பே மலைப் பக்கம் பாம்பை அடித்தால் உடனே தலையை வெட்டிப் புதைத்துவிடுவோம். வெறுங்காலோடு யாராவது அதன் பல்லை மிதித்துவிடக் கூடாதே. இந்த வழக்கத்தைக் கண்டாலே மெட்டூகேவுக்குப் பற்றிக்கொண்டு வரும். காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் பாம்புகளின் செதில்களை எண்ணி இனம் பிரிப்பது அவன் வேலை. பள்ளிக்கூடம் போனது ஆறு வருஷம்தான். ஆனால் வேலையில் புலி, அந்தத் திமிரும் உண்டு.

"உங்கள தலையில்லாம அனுப்பினா பொண்டாட்டிக்கு அடையாளம் தெரியுமாடா?" என்று கத்துவான்.

"தொப்பைய வச்சுக் கண்டுபிடிச்சிருவா" என்பேன்.

ஒரு கோகோ அறுவடைக் காலையில் அவன் தங்கை எனாங்கே தன் கணவன் சோனேயைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். காய் பறிக்கக் கிளைக்குள் கைவிட்டபோது அவனைப் பாம்பு கடித்திருந்தது. கூடையில் தலையில்லாத பாம்பு. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக, நிலையத்தில் பைக் ஓட்டும் நான் வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தேன்.

மெட்டூகே அதை மேசையில் நீட்டினான். பளபளக்கும் கருப்பு, வயிறு மஞ்சள். நடு உடம்பில் பதினைந்து வரிசைச் செதில். எங்கள் காட்டில் அந்தக் கணக்குக்கு இரண்டு மரப்பாம்புகள் உண்டு. ஒன்று சாது, மற்றது மரநாகம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சின்னச் செதில் தனியாக இருந்தால் சாது, இல்லையென்றால் நாகம்.

"தலைய எடுத்துட்டு வரட்டாண்ணா? இந்தப் பின்பக்கத் தோட்டத்துலதான் புதைச்சோம்" என்றாள் எனாங்கே.

கூடிவிட்ட ஊர்க்கூட்டம் மெட்டூகேயையே பார்த்துக்கொண்டிருந்தது. "பதினெட்டு வருஷமா எண்ணுறேன், எனக்குத் தலை எதுக்கு? வீக்கமும் இல்ல. இது சாது. மச்சான், வீட்டுக்குப் போய் கிழங்கத் தின்னுட்டுப் படு."

"அப்போ இன்னைக்கு லீவு" என்று சோனே சிரித்தான்.

நான் பைக்கை அணைத்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

உச்சிவேளையில் சோனேயின் இமைகள் தொங்கின. பேச்சு குழறியது. பைக்கில் ஏற்றிப் பாதி வழி போவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. காலையிலேயே போயிருந்தால் பிழைத்திருப்பானா, தெரியாது. தெரியாமலே போனதுதான் எங்களை அரிக்கிறது.

அன்று மாலை மெட்டூகே தானே போய்த் தலையைத் தோண்டினான். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே அந்தச் செதில் இல்லை.

அதன் பிறகு தலையோடு வந்த பாம்பைக்கூட மூன்று முறை எண்ணுவான். பெயர் சொல்லும்போது குரல் உள்ளே போய்விடும். நானும் கேலியை விட்டுவிட்டேன். எனாங்கே அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போன வருஷம் அவன் ஓய்வு பெற்ற அன்று அவள் வீட்டில்தான் சாப்பாடு. தட்டில் கிழங்கை வைத்துவிட்டு, முதன்முறையாகக் கேட்டாள்.

"அன்னைக்கு அந்தத் தலையத் தோண்ட எவ்வளவு நேரம் ஆச்சுண்ணா?"

மெட்டூகே தட்டைத் தள்ளி வைத்தான்.

"ரெண்டு நிமிஷம்கூட ஆகலம்மா. மேலாகத்தான் புதைச்சிருந்தீங்க."