எண்ணெய்ச் சட்டியும் நாலு மணி ஏகாம்பரமும்

பஜ்ஜிக் கடைக்காரிக்கு ஒரு கண் சட்டியில் இருக்கும், இன்னொரு கண் தெருவில் இருக்கும். என்னைப் போல எண்ணெய்ப் புகையில் நிற்பவர்களுக்கும், பஜ்ஜியைத் தின்றுகொண்டே கைப்பேசியில் உடல்நல எச்சரிக்கை படிப்பவர்களுக்கும் என் பயம் புரியும். சேவூர்ப் பக்கம் நெசவுக்காரர்களை நம்பிக் கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.

தாள் போய் இலை வந்தது

உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வந்தார். “அச்சடிச்ச தாள்ல பலகாரம் குடுக்காதீங்க, மை வயித்துக்குள்ள போகும்” என்று சொல்லி நோட்டீஸ் ஒட்டினார். மறுபடி தாளைப் பார்த்தால் கடைக்கு சீல்தானாம். அன்றே வாழையிலைக்கு மாறினேன். நல்லது செய்த நிம்மதி நாலு மணி வரைதான் இருந்தது.

தினமும் அந்நேரத்துக்குத் தறியை விட்டு எழுந்து வருபவர் ஏகாம்பரம் அண்ணன். இரண்டு பஜ்ஜி தின்றுவிட்டு விரல்களை விரித்தபடி நின்றார். எண்ணெய் விரல் பட்டால் பட்டுப்புடவை கெட்டது. ஈரக் கையும் ஆகாது. இத்தனை நாளும் என் தாளில்தான் அழுந்தத் துடைத்துவிட்டுப் போவார். “இலை எண்ணெய உறியலயேம்மா. நான் கைய காய வெச்சிகினு நிக்கறதா, போய் புடவைய முடிக்கறதா?”

சந்தனக் கலர்

காய்ச்சிய எண்ணெயையே திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள் என்றும் அந்த நோட்டீஸில் இருந்தது. நேற்றைய எண்ணெயில் புதுசைக் கலப்பதுதான் என் வழக்கம். அதைத் தப்பு என்று நான் நினைத்ததே இல்லை.

மறுநாள் முழுக்கப் புது எண்ணெய் ஊற்றினேன். பஜ்ஜி வெளுப்பாக வந்தது. ஏகாம்பரம் அண்ணன் அதைச் சாயம் போட்ட நூலைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தெனம் அரக்கு கலர்ல குடுப்ப. இன்னிக்கு இன்னா சந்தனக் கலர்ல இருக்குது, வேகலயா?”

அண்ணி சொன்னது

அடுத்த வாரம் நாலு நாள் அவரைக் காணோம். நெஞ்சு வலி, வேலூரில் சேர்த்திருக்கிறார்கள் என்று பால்காரர் சொன்னார். பதினோரு வருஷம், தினம் இரண்டு, அத்தனையும் என் பழைய எண்ணெய். நான்தான் அவரைப் படுக்க வைத்தேனோ என்று நினைத்து நினைத்து மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

வீடு திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும் ஓடினேன். வாசலிலேயே அவர் மனைவியிடம் எண்ணெய் விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன். அண்ணி என்னை வையவில்லை. வைதிருந்தால் தேவலை. “பீடியையும் சொன்னாரு டாக்டரு, உப்பையும் சொன்னாரு, எண்ணெயையும் சொன்னாரு, பொய் சொல்ல மாட்டேன். தெனம் நடக்கணும்னும் சொன்னாரு. இந்த மனுஷன் தறிய உட்டு எழுந்து நடக்கறதே உன் கடைக்குத்தான். நாலு மணிக்கு அனுப்பறேன், சுண்டல் குடு. பஜ்ஜிய கண்ணுல காட்டாத.”

எல்லா எச்சரிக்கையையும் கேட்டு நடக்கிறேன், ஆனால் நாலு மணிக்குப் பஜ்ஜி வாசனையை எங்கே ஒளித்து வைப்பது என்று மட்டும் அந்த நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை.