கட்டிக்குள் மட்டும்

இருமல் நிற்கவில்லை என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். திருவொற்றியூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பீடி, சிகரெட் வாடையே எனக்கு ஆகாது. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் தெருவே இருமும். எனக்கும் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

நுரையீரலில் புற்றுநோய், முதுகெலும்புவரை பரவியிருக்கிறது என்று சொன்ன டாக்டரம்மா, "வீட்டுல வேற யாருக்காவது வந்திருக்கா?" என்று கேட்டார்.

"எங்கப்பாவுக்கு. உணவுக்குழாய்ல."

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கடைசி மாதங்களில் கஞ்சி இறங்காமல், ஆறிப்போன டம்ளரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார்.

டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். கட்டியிலிருந்து எடுத்த சதையில் மரபணுச் சோதனை செய்வார்களாம். குறிப்பிட்ட ஒரு மாற்றம் தென்பட்டால் ஊசி மருந்து வேண்டாம், மாத்திரைக்கே நோய் கட்டுப்படும் என்றார். முடிவு வர மூன்று வாரம்.

அந்த மூன்று வாரமும் தம்பி வரவில்லை. வியாசர்பாடியில்தான் இருக்கிறான். போனில் மட்டும் பேசினான்.

"அப்பாவுக்கும் வந்துச்சு, உனக்கும் வந்துகீது. இது ரத்தத்துலயே ஓடுதாக்கா? பாப்பாவ நெனச்சாதான் பேஜாரா கீது."

பாப்பா அவன் மகள். கல்லூரியில் முதல் வருடம்.

"கேட்டுச் சொல்றேன்டா" என்றேன். சாயங்காலம் தோசை வார்த்தால் ஒன்றுக்கு மேல் செல்லவில்லை. மிச்ச மாவு புளித்துப் பொங்கியது. கொட்டினேன்.

சோதனையில் அந்த மாற்றம் இருந்தது. "இது எங்க குடும்பத்துல தொடர்ந்து வர்றதா?" என்பதைத்தான் முதலில் கேட்டேன்.

"இல்லம்மா. இது அந்தக் கட்டிக்குள்ள மட்டும் உண்டான மாற்றம். பிறக்கும்போதே வந்தது இல்ல. அப்பாவுக்கு வந்தது வேற. உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது போகாது."

என்னைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரேதான் சொன்னார். மாத்திரை கேட்கும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது, ஒருநாள் கேட்காமலும் போகலாம்.

நேராக வியாசர்பாடிக்குப் போனேன். கேட்டதும் தம்பி தரையில் உட்கார்ந்து அழுதான். "தப்பிச்சோம்க்கா, தப்பிச்சோம்" என்றான். அவன் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறையில் நான் மட்டும் தப்பிக்கவில்லை என்பது யாருக்கும் உறைத்த மாதிரித் தெரியவில்லை.

உள்ளேயிருந்து பாப்பா வந்தாள். "உனக்கு இன்னா சொன்னாங்க அத்தை?"

"மாத்திரை குடுத்துகீறாங்க" என்றேன். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்றரை வருடம் ஆகிறது. கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. மாத்திரையால் முகமெல்லாம் பரு; இருந்தாலும் வேலைக்குப் போகிறேன். தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறான். அடுத்த ஸ்கேன் வருகிற மாதம். துணைக்கு யாராவது வருவார்களா என்று நர்ஸ் ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். இந்தமுறை, 'யாரும் இல்லை' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.