சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவிய கை

வயிறு உப்பியதை ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. புடவையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டேன். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக் குழாயடியில் ஒருத்தி, இந்த வயதில் விசேஷமா என்று கேட்டுச் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு வயிற்றுத் தண்ணீரை எடுத்தார்கள். கழுநீர் மாதிரி கலங்கலாக ஒரு கேன் நிறைய வந்தது. இதைச் சுமந்துகொண்டா சோறு பொங்கினேன் என்று குமட்டியது. சினைப்பையில் கேன்சர், கல்லீரலுக்கும் போய்விட்டது என்று டாக்டரம்மா என் மகனிடம் சொன்னார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு அதை என்னிடம் சொன்னான். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க அவனுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். கேட்டவர்களுக்கெல்லாம் வயிற்றில் கட்டி என்று சொல்லிவைத்தோம்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் ஓக்காளம்தான். இருபது வருஷம் வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டியவள் நான். பக்கத்து வீட்டில் ஒரு பத்தி கொளுத்தினால் சாக்கடைப் பக்கம் ஓடினேன். வாயில் எந்நேரமும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற ருசி.

அப்போதுதான் கண் மஞ்சளானது. பொம்மனஹள்ளியிலிருந்து என் நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரருக்குத் தங்கைதான் என்றாலும் அவர் போனபிறகு எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். என் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது காமாலை. கட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த ஊசி போட்டுப் போட்டுத்தான் ஈரல் கெட்டுப் போச்சு."

அவளுக்கு நிஜம் தெரியாது. என் மகன் என்னைப் பார்த்தான். நான் தலை குனிந்துகொண்டேன்.

அத்திபெலேயில் காமாலைக்கு மருந்து கொடுப்பவர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். அவர் என் உள்ளங்கையில் ஏதோ சாற்றைத் தேய்த்து, சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். தட்டில் மஞ்சளாக வடிந்தது. காமாலை இறங்குகிறது என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் அவிழ்த்துப்போட்டு நிற்கிற மாதிரி இருந்தது. உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, தண்ணீர் வெள்ளையாகிற வரைக்கும் இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது என்றார்.

விடிந்தால் வெறும் வயிற்றில் ஆட்டுப்பாலில் கரைத்த கீழாநெல்லி. பாலில் ஆட்டு மயிர் மிதக்கும். நாத்தனார் டம்ளரைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய திங்கட்கிழமை அப்படியே போனது. உள்ளே அது கல்லீரலைத் தின்றுகொண்டிருக்கிறது, நான் வெட்கப்பட்டுக்கொண்டு ஆட்டுப்பால் குடிக்கிறேன். நான் வாயைத் திறக்காவிட்டால் அடுத்த திங்களும் போய்விடும் என்று தெரிந்தும் குடித்தேன்.

மறுவாரம் திரும்பவும் கை கழுவ உட்கார்ந்தேன். எட்டு நாள் பத்தியத்துக்கும் அதே மஞ்சள்தான். இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றார். அவருடைய நகக்கண் எல்லாம் மஞ்சள் கறை. அந்த நகத்தைப் பார்த்ததும், மஞ்சள் என் கையிலிருந்து வருகிறதா அவர் தேய்க்கிற சாற்றிலிருந்தா என்று சந்தேகம் வந்தது.

"இவங்க கையையும் கழுவுங்க," என்று நாத்தனாரைக் காட்டினேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் தேவையில்லை என்றார். நாத்தனார்தான் வளையலை மேலே ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள். "கழுவுங்க சாமி. எனக்கென்ன, குண்டுக்கல்லு மாதிரி இருக்கேன்."

தேய்த்தார். ஊற்றினார். என்னுடையதைவிட மஞ்சளாக வடிந்தது.

அவர் முகம் மாறவே இல்லை. "உங்களுக்கும் காமாலை ஷுரு ஆயிடுச்சும்மா, இப்பத்தான் ஆரம்பம். நல்ல வேளை, சீக்கிரம் வந்தீங்க."

அவள் இப்போதாவது சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எனக்கும் எட்டு நாளைக்கு மருந்து கட்டிக்கொடுங்க என்றாள். பின்னால் இருந்த பெண் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு அவளைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

எனக்குக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. அந்த மனிதன் மேலா, இவள் மேலா, இத்தனை நாள் ஊமையாக இருந்த என் மேலா, தெரியவில்லை.

"எனக்குக் காமாலை இல்லம்மா. சினைப்பையில கேன்சர். கல்லீரலுக்குப் போயிடுச்சு. அதனாலதான் கண்ணு மஞ்சள். திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றேன். வரிசை முழுக்கக் கேட்டது.

அவள் என் கையைப் பிடித்து இழுத்து, "மெதுவா பேசுங்க அண்ணி, ஆம்பளைங்க இருக்காங்க," என்றாள்.

மார்க்கெட் வருகிறவரை பஸ்ஸில் அவள் மருந்துப் பொட்டலத்தை மடியில் பத்திரமாக வைத்திருந்தாள். என் கையில் சுண்ணாம்பு நாற்றம் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டார். மகன் சுவரைப் பார்த்தான். நான் சொன்னேன், அந்த ஆட்டு மயிர் உட்பட.