இரண்டாம் பந்தியில் ஒருவர்

வீரசிங்கம் முதலாளிக்கு அறுபது வயது நிறைகிற வருடம், கோயிலில் மாலை மாற்றிக்கொள்வதோடு நிறுத்தாமல் குடும்பத்தோடு கப்பலில் போய்வரலாம் என்று மகள் யசோதா சொன்னாள். கொழும்பில் ஏறினால் மாலைதீவுப் பக்கம் சுற்றிக்காட்டிவிட்டு ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும் உல்லாசக் கப்பல். கண்டி நகரத்தில், கொழும்பு வீதி என்ற தெருவில் இரும்புக்கடை வைத்திருந்தவருக்கு அதுவரை பழக்கமான தண்ணீரெல்லாம் கண்டி வாவியும் மகாவலி ஆறும்தான். 'அவர்' என்று மரியாதையாகவே சொல்லிவைப்போம். கடைத்தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டுக்குள் அவர் என்ன செய்தார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் தெரியாத மாதிரி ஆணியும் பிணைச்சலும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கட்டுக்கலையில் இருந்த அவர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் யசோதா போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்தாள். அவருக்கு அவள் ஒரே பிள்ளை. கட்டிக்கொடுத்து கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறாள். புருஷனுக்குக் கொழும்பில் வேலை, வார இறுதியில்தான் வருவான். இரண்டு பெண் குழந்தைகள்.

"அப்பா, கப்பல்ல ராச்சாப்பாடு ரெண்டு பந்தியா போடுறாங்க. ஆறு மணிக்கு ஒண்ணு, எட்டரைக்கு ஒண்ணு. எது வேணும்னு இப்பவே சொல்லணுமாம்."

"இதுல கேக்குறதுக்கு என்னா இருக்கு? எட்டரை. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலதான் சோறு குடுப்பான்."

"பிள்ளைங்க ஏழரைக்கெல்லாம் தூங்கிருவாங்கப்பா."

"ஒரு வாரம் லேட்டா தின்னா செத்தா போயிருவாங்க? ஆறு பேரும் ஒரே மேசையில ஒக்காரணும். நான் நடுவுல. என் அறுபதுக்கு நான் கேக்குறது அது ஒண்ணுதான்."

யசோதா நிமிர்ந்து, குசினி வாசலில் நின்ற தாயைப் பார்த்தாள். இராஜகுமாரி தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "சரிப்பா" என்றாள் மகள்.

இதில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த மேசைக்கு அவர் மெய்யாகவே ஏங்கினார். பெண்டாட்டி, பிள்ளை, பேத்திகள் என்று எல்லோரும் சுற்றி உட்கார, நடுவில் தான் இருந்து சாப்பிட வேண்டும். சொந்த வீட்டில் அந்தச் சுகம் அவருக்கு முப்பது வருடமாக வாய்க்கவில்லை. ஏன் வாய்க்கவில்லை என்று யோசித்துப் பார்க்கிற புத்தியும் வாய்க்கவில்லை.

கல்யாணமான புதிதில் ரசம் ஆறியிருந்தது என்று அகப்பைக் காம்பால் இராஜகுமாரியின் நெற்றியைப் பிளந்தார். புருவத்துக்கு மேலே அந்த வடு இன்றைக்கும் இருக்கிறது. சோறு குழைந்தால் தட்டு பறக்கும், உப்புக் கூடினால் கறிச்சட்டி அவள் முதுகில் கவிழும். யசோதாவுக்கு நாலு வயதானபோது ஒருநாள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை கை தவறித் தண்ணீரைக் கொட்டிவிட்டது. வீரசிங்கம் தன் பித்தளைத் தட்டைத் தூக்கி அந்தக் கைமேலேயே அடித்தார். இரண்டு விரல் எலும்பு நொறுங்கியது. பிள்ளை கதவிடுக்கில் கையை விட்டுவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னதும் அவர்தான். அந்த விரல்கள் பிறகு நேராகவே இல்லை.

மறுநாளிலிருந்து இராஜகுமாரி மாலை விளக்கேற்றுவதற்கு முன்பே சமைத்து முடித்தாள். அவர் கடை அடைத்து, குளித்து, இரண்டு கிளாஸ் ஊற்றிக்கொண்டு மேசைக்கு வருவதற்குள் பிள்ளை தின்று, வாய் கழுவி, போர்வைக்குள் போயிருக்கும். அவருக்கு வேறாகச் சுடச்சுட வடிப்பாள். அவர் தின்கிறவரை பக்கத்தில் நின்று பரிமாறுவாள். தான் எப்போது தின்றாள் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

வீரசிங்கம் இதற்கு எடுத்துக்கொண்ட அர்த்தம் என்ன தெரியுமா? ஒழுக்கம். "என் வீட்டுல பிள்ளை நேரத்துக்குத் தின்னு நேரத்துக்குத் தூங்கிரும். எனக்கு முன்னுக்கு ஒருத்தரும் மேசையில ஒக்கார மாட்டாங்க. அவ்வளவு மரியாதை" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். பேத்திகள் வந்தாலும் அதே கதைதான். அவர் வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மகள் வளர்ப்பு நல்ல வளர்ப்பு என்று அதற்கும் தனக்கே மாலை போட்டுக்கொண்டார்.

அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் எண்பத்து மூன்று இனக் கலவரத்தைச் சொல்வார்கள். அந்த ஆடி மாதம் கும்பல் வந்து அவர் அப்பாவின் கடையை உடைத்தது. கடையிலிருந்த இரும்புக் குழாயையே எடுத்து அப்பாவைத் தெருவில் போட்டு அடித்தார்கள். மண்டை திறந்து கிடந்த மனிதரை இருபத்தைந்து வயது வீரசிங்கம் எதிர்க் கட்டடத்து மாடியில் ஒளிந்திருந்து பார்த்தார். கடை எரிந்த வெளிச்சத்தில் எல்லாமே தெளிவாகத் தெரிந்ததாம். பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் கண்டியில் கடை எரிந்தவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை அடிக்கவில்லை.

கப்பல் விஷயம் முடிவானதிலிருந்து முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. மடவளையில் சின்னக் கடை வைத்திருந்த அஸீம் சாமான் எடுக்க வந்தபோது அவரைப் பிடித்து உட்காரவைத்து, பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"எட்டரைக்குச் சாப்பாடு. ஆறு பேரும் ஒரே மேசை. வெள்ளைக் கோட்டுப் போட்டவன் வந்து பரிமாறுவானாம்."

"மாஷா அல்லா, நல்ல விஷயம்தானே முதலாளி. ஒங்கட பேத்திமாருக்கும் கொண்டாட்டமா இருக்கும்."

"இருக்காதா பின்னே! சின்னவள என் பக்கத்துல ஒக்காரவச்சு நானே ஊட்டிவிடுவேன்."

அப்போது கடை போன் அடித்தது. பயண முகவர் அலுவலகத்துப் பெண். பேச்சில் நல்ல பணிவு.

"அங்கிள், ஒரு சின்ன விஷயம் கேக்கணும். இரண்டாம் பந்தியில நீங்க ஒருத்தர்தானே? தனி ஆளா இருந்தா வேற பயணிகளோட சேத்து மேசை குடுப்பாங்க. வெளிநாட்டு ஆளுங்களா இருந்தாலும் பரவாயில்லையா?"

"ஒருத்தரா? நாங்க ஆறு பேரும்மா."

"ஓம் அங்கிள், மொத்தம் ஆறுதான். மற்ற அஞ்சு பேருக்கும் மகள் முதல் பந்தி கேட்டிருக்கிறா. ஆறு மணி. உங்களுக்கு மட்டும்தான் எட்டரை. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேனே."

போனை வைத்தவருடைய முகத்தைப் பார்த்து, என்ன முதலாளி என்று அஸீம் கேட்டார். கடையைப் பையன்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுகூடச் சொல்லாமல் வீரசிங்கம் வெளியே வந்து ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். யார் சொல்லியிருப்பார்கள், யாருக்கு இந்தத் தைரியம் வந்தது என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

அவர் வீட்டு வாசலில் இறங்கியபோது இன்னும் நல்ல வெளிச்சம். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்ததே கிடையாது. மகள் பிள்ளைகளோடு வந்திருந்தாள். படியில் ஏறும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பேத்திகளோடு சேர்ந்து இன்னொரு பெண்ணும் மூச்சுமுட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ விருந்தாளி வந்திருக்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். ஜன்னலால் எட்டிப் பார்த்தால் அது இராஜகுமாரி. இடியப்பத்தில் சொதியை ஊற்றிப் பிசைந்தபடி, சின்னவள் மிதுனா சொன்ன எதற்கோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளுக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதே அவருக்குத் தெரியாது.

வேறு மனிதனாக இருந்தால் அந்த இடத்திலேயே கூனிக் குறுகியிருப்பான். வீரசிங்கத்துக்கு ஆத்திரம் இரட்டிப்பானது.

கதவை உதைத்துத் திறந்துகொண்டு போனார். சிரிப்பு அறுந்தது. யசோதா எழுந்து பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எவடி எனக்கு மட்டும் தனிப் பந்தி போட்டவ?"

"நான்தான்" என்றாள் இராஜகுமாரி. "அவளத் திட்டாதீங்க. ஆறு மணின்னு நான்தான் போடச் சொன்னேன்."

அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து அலுமாரியின் மூலையில் முகத்தை மோதினார். மூக்கு உடைந்து இரத்தம் சேலையில் கொட்டியது. "எத்தனை மணி? இப்ப சொல்லுடி, எத்தனை மணி?" என்று கத்தினார்.

"ஆறு."

கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பல் ஒன்று தெறித்து விழுந்தது.

"ஆறு மணிங்க" என்றாள் மறுபடியும். கத்தவில்லை. ஆட்டோக்காரனுக்கு வழி சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

தடுக்க வந்த யசோதாவை நெஞ்சில் குத்தித் தள்ளினார். அவள் போய் மேசையில் விழ, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய சொதிச்சட்டி சரிந்து அவள் தோளில் கொட்டியது. அவள் அலறினாள். அந்த அலறலுக்கு மேலே அவர் குரல் எழும்பியது.

"ஒக்காருங்க எல்லாரும்! இப்பவே ஒரே மேசையில சாப்பிடுவோம். நான் இருக்கக்குள்ள ஒங்களுக்குச் சோறு எறங்காதா? ஒக்காருங்கடி!"

உட்கார்ந்தார்கள். இரத்தம் வடிய இராஜகுமாரி, தோலுரிந்த தோளோடு யசோதா, கண்ணை மூடிக்கொண்ட பெரிய பேத்தி, மிதுனா. நடுக் கதிரையை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்தார். அறுபதுக்கு அவர் கேட்ட மேசை அதுதான். ஒருவர் கையும் வாய்க்குப் போகவில்லை.

"தின்னு" என்றார் சின்னவளைப் பார்த்து.

ஆறு வயதுப் பிள்ளை இரண்டு கையாலும் இடியப்பத்தை அள்ளி அள்ளி வாய்க்குள் திணித்தது. மெல்லவேயில்லை. இரண்டு கன்னமும் புடைத்து, விழி பிதுங்கி, அப்படியும் திணித்தது. தட்டில் முக்கால்வாசி மிச்சம் இருக்கும்போதே, "முடிச்சிட்டேன் தாத்தா, நான் போகட்டா?" என்று அடைத்த வாயோடு கேட்டது. கேட்டுக்கொண்டே மேசைமேல் வாந்தியெடுத்தது.

வீரசிங்கத்தின் கை ஓங்கியது.

அந்தக் கை பிள்ளையைத் தொடவில்லை. இராஜகுமாரி மேசையோரம் இருந்த இடியப்பம் பிழிகிற உரலைத் தூக்கி அவர் மணிக்கட்டில் இறக்கினாள். நல்ல கனமான பழைய மர உரல். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் கதிரையோடு சரிந்தார். அவள் இன்னொரு முறை ஓங்கினாள், கீழே கிடந்தவர் முறியாத கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அப்படி முகத்தை மறைத்துக்கொள்வது எப்படி என்று அந்த வீட்டில் அவரைத் தவிர எல்லோருக்கும் முன்பே பழக்கம்.

"ஏன்டி, நான் என்ன பேயா?" என்று முனகினார்.

"பிள்ளை பயமில்லாம ஒரு வாய் திங்கணும், அதுக்குத்தான் முப்பது வருசமா வெளக்கு வைக்க முன்னுக்கு ஓடி ஓடிச் சமைச்சேன்" என்றாள் இராஜகுமாரி. உடைந்த வாயால் சொன்னாலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "நீங்க அத மரியாதைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. கேட்டுக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரும். சிரிச்சா அடிப்பீங்களேன்னு அதையும் முழுங்கினேன்."

உரலை மேசையில் வைத்துவிட்டு மிதுனாவின் வாயை முந்தானையால் துடைத்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பெண்களும் வெளியே போனார்கள். நேரே ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து பொலிசுக்கும் போய்விட்டு இராஜகுமாரி மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். வழக்கு இன்னும் நடக்கிறது.

வீரசிங்கம் கையில் மாவுக்கட்டோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார். படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். கடைத்தெருவும் வழக்கம்போல நம்பியது. அவர் திருந்திவிட்டார் என்று சொல்லி யாரையும் ஏமாற்றப் போவதில்லை. மேசைமேல் கிடந்த அந்த வாந்தி மட்டும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அவர் கண்ணுக்குள் வந்தது. பல நாள் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

கப்பல் பயணத்தை யாரும் ரத்துச் செய்யவில்லை; அவர் இனி வரமாட்டார் என்றுதான் மகள் வீட்டில் நினைத்திருந்தார்கள். கப்பல் கிளம்புகிற வாரத்தில் பயண முகவர் அலுவலகத்துப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள்.

"அங்கிள், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. முதல் பந்தியில உங்க குடும்பத்து மேசையிலேயே ஒரு இடம் இருக்கு. உங்களையும் அதுலயே போட்டுரட்டா? எல்லாரும் ஒண்ணா சாப்பிடலாம். மகளுக்கு நான் இன்னும் சொல்லல்ல, சந்தோசப்படுவாங்க."

ஓம் என்ற ஒரு சொல் போதும். நடுக்கடலில் அவர்கள் எழுந்து எங்கே போவார்கள்? வீரசிங்கம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தன் முறிந்த மணிக்கட்டையே பார்த்தார். லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் "அங்கிள், அங்கிள்" என்று கூப்பிட்டாள்.

"வேணாம்மா" என்றார். "கப்பல்லருந்தே என் பேர வெட்டிருங்க. அவங்க சாப்பிடட்டும்."